கதவுக்குள் இருந்த எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் நாளிதழில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கும் படம் வந்திருந்தது. படத்தின் ஓரத்தில், செங்கல் குவியலுக்கு மேலே, ஓர் இரட்டைக் கதவு நிலையோடு சாய்ந்து கிடந்தது. அன்று முழுக்க என் மனசு அந்தக் கதவிலேயே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சேலத்து வாசகர்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த உதவியைக் கேட்டால் யாருக்கும் புரியாது.

என் அப்பா தச்சர். கடந்த மார்கழியில் 84 வயதில் காலமானார். அம்மாப்பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு, பெயர் தெரிந்தவர்களும் குறைவு. எல்லோருக்கும் ‘ஆசாரி’தான். மூத்தவர்கள் ‘ஆசாரியாரே’ என்பார்கள். ஓய்ந்து வீட்டில் உட்காரும்வரை ஏறத்தாழ ஐம்பத்தைந்து வருடம் சேலத்திலும் ஏற்காட்டிலும் கதவு, நிலை, ஜன்னல், அலமாரி என்று எத்தனையோ செய்தார். வீட்டைக் கட்டிய மேஸ்திரி பெயரையாவது சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். கதவைச் செய்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. தினமும் கையால் தொட்டுத் திறக்கிற பொருள் அது.

அப்பாவின் ஊர் தாரமங்கலம் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, பன்னிரண்டு வயதில் தாத்தாவோடு உளிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாத்தா கொஞ்ச காலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவுக்கு செட் போடும் வேலைக்குப் போயிருக்கிறார். இன்று அங்கே நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. பலகையும் துணியும் வைத்து அரண்மனை கட்டுவார்களாம், படம் எடுத்து முடிந்ததும் பிரித்துவிடுவார்களாம். சிறுவனான அப்பாவுக்கு அந்தப் பிரிக்கிற வேலை பிடிக்கவில்லை. ‘கட்டினதை நாமே உடைக்கறதுக்குக் கூலி வாங்கினா கை கூசும்’ என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதனால் வீடுகளுக்குக் கதவு, நிலை செய்யும் வேலைக்கு வந்துவிட்டார்.

அமாவாசை அன்று அப்பா உளியைத் தொட மாட்டார். தச்சு வேலைக்காரர்களுக்கு அது விடுமுறை நாள். எங்களுக்கு அது அப்பா நாள். காலையில் நாலு பிள்ளைகளுக்கும் அவரே எண்ணெய் தேய்ப்பார். உளி பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கை தலையில் படும்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சாயங்காலம் சுகவனேஸ்வரர் கோயில், திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட். சில அமாவாசைகளில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே வாலி தூண் அருகே எங்களை நிறுத்துவார். ராமர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவார், வாலி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். நாங்கள் இரண்டு தூணுக்கும் நடுவே ஓடி ஓடிப் பார்ப்போம். அப்பா கல் சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். ‘கல்லுல ஒருமுறை தப்பாப் போனா அவ்வளவுதான். அவங்க அப்படி வேலை செஞ்சிருக்காங்க. நமக்கு மரம், அது எவ்வளவோ பொறுத்துப் போகும்’ என்பார்.

மரம் பொறுத்துப்போகும் என்று சொன்னாரே தவிர, மரத்தோடு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமில்லை. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் வேலை வந்தால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போவார், சனிக்கிழமை இரவு வருவார். சேலத்தைவிட ஏற்காடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். இங்கே சித்திரையில் வாசல் படியில் கால் வைக்க முடியாது, அங்கே ஐப்பசியில் காலை பத்து மணிவரை பனி மூட்டம் கலையாது. இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி கதவு செய்தால் நிற்காது என்பார். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். அதனால் சட்டங்களை இறுக்கமாகப் பூட்டுவார், நடுவில் வரும் பலகையைச் சட்டத்தில் எடுத்த பள்ளத்துக்குள் (காடி என்பார்கள்) ஒட்டாமல் சும்மா உட்கார வைப்பார். ‘அது அங்க இங்க அசைஞ்சுக்கட்டும், பூட்டி வெச்சா வெடிச்சுடும்.’ ஓரத்தில் எத்தனை நூல் இடைவெளி விடுவது என்பதை அந்த மாதத்தின் ஈரத்தைப் பார்த்து முடிவு செய்வார். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அந்த ஒரு நூல் கணக்குக்காக அரை நாள் வேலையைப் பிரித்துத் திரும்பச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டங்களைப் பூட்டுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்குவார். இன்னொரு சட்டத்தில் அதற்கான துளையை உளியால் எடுப்பார். நாக்கு துளைக்குள் இறங்கி உட்கார்ந்ததும் இரண்டுக்கும் குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பார். நாக்கில் போட்ட ஆணித் துளை மட்டும் ஒரு மயிரளவு தள்ளி இருக்கும். ஆணி உள்ளே போகப் போக அது நாக்கை இழுத்துக் கொண்டுபோய் மூட்டை இறுக்கிவிடும். இரும்பு ஆணி கிடையாது, பசை கிடையாது. அம்பது வருஷம் கழித்தும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் நாக்கு அன்று செதுக்கியபடியே வெளியே வரும், வெயிலும் தூசியும் படாமல்.

எஸ்டேட்களில் காப்பிச் செடிக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் அலமாரித் தட்டுகள் கேட்பார்கள். அந்த மரம் அப்பாவுக்கு ஆகாது. முழங்கை வரை தடித்துச் சிவந்து போய்த்தான் சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள். அப்பா பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஓர் எஸ்டேட்டில் குடியிருக்க வீடும் நிரந்தர வேலையும் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டார்.

அண்ணனுக்கு டைபாய்டு வந்த வருடம் ஒன்று நடந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் மேலே தகவல் போயிருக்கிறது, அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பழைய ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அடிவாரத்திலிருந்து கிடைத்த லாரியில் ஏறி, ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். விடிய விடிய அவன் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் காய்ச்சல் இறங்கியதும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் ஒரு வீட்டில் நிலை வைக்க நாள் குறித்திருந்தார்கள்.

நிலை வைக்கும் நாளில் வீட்டுக்காரர்கள் ஆசாரிக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் தலை துவட்டிய துண்டெல்லாம் யார் யார் வீட்டிலோ நிலை வைத்த துண்டுதான். அப்பா தனக்கென்று துணிக்கடையில் துண்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

வீட்டில் எங்களுக்காக அவர் செய்தவற்றில் தொட்டில் கட்டை ஒன்று இருக்கிறது. சேலைத் தொட்டிலை அகலமாகப் பிரித்து வைக்கும் கட்டை. இரண்டு முனையிலும் கிளி மூக்கு. எங்கள் நாலு பேருக்கும் அதில்தான் தூளி. அடுத்து பேரப்பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் அதே கட்டைதான், பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்த கட்டை அது. நடைவண்டி, பல்லாங்குழி, அம்மாவின் அரிவாள்மனைக் கட்டை எல்லாம் இருந்தன. நான் சொல்ல விரும்புவது என் சாய்வுப் பலகையைப் பற்றி.

1987-ல் நான் பத்தாம் வகுப்பு. தரையில் புத்தகத்தை வைத்துக் குனிந்து படிப்பேன், கழுத்து வலிக்கிறது என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் ராத்திரி, ‘பாப்பா, எப்படி உட்காருவியோ அப்படி உட்காரு’ என்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நூலை எடுத்து, தரையிலிருந்து என் முழங்கை வரை பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சு என் மடி அகலத்துக்கு. அவ்வளவுதான், நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டி அடித்து மிஞ்சிய மாம்பலகைதான் மரம். நாலைந்து ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் இழைக்கும் சத்தம் கேட்கும். பலகை வந்தது. ஆணியே தெரியாமல் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. மேலே பேனா உருளாமல் இருக்க ஒரு பள்ளம். வலது மூலையில் சின்னதாக ஒரு வட்டக் குழி, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி நிற்க. கீழ் விளிம்பில் புத்தகம் சறுக்காமல் இருக்க ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு என் வலது மணிக்கட்டு வந்து படும் இடத்தில் மட்டும் மழுங்க இழைக்கப்பட்டிருந்தது. அதை நான் கவனிக்கவே சில வாரம் ஆனது. அப்பா சொல்லவில்லை. நான் தமிழாசிரியை ஆகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. விடைத்தாள் திருத்துவது இந்தப் பலகையில்தான். இந்தக் கடிதமும் அதில் வைத்து எழுதியதுதான்.

ஒரு மர மில்லில் பலகை அறுக்கும்போது வட்ட ரம்பம் அப்பாவின் இடது ஆள்காட்டி விரல் நுனியை எடுத்துவிட்டது. ரம்பத்துக்கு மேல் மூடி இருக்க வேண்டும், இல்லை. மூன்று நாள் கூலி கொடுத்து அனுப்பினார்கள். இருபதாம் நாள் அப்பா உளி பிடித்துவிட்டார். ஆணியை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே பிடிக்கப் பழகிக்கொண்டார். அதைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை, எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. மரம் அறுக்கும் இடங்களில் இன்றும் மூடியில்லாமல் ஓடும் ரம்பங்களைப் பார்க்கிறேன். இதைப் படிக்கும் முதலாளிகள் யாராவது இருந்தால் நாளைக்கே ஒரு மூடி போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் இருக்கிறார். இப்போது பிளைவுட் வேலை செய்கிறார், பழைய மரத்தையும் வாங்கி விற்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ‘அக்கா, இடிச்ச வீட்டுக் கதவு ஒண்ணு வாங்கினேன். பிரிக்கும்போது இது இருந்துச்சு. அய்யா எழுத்துதானே?’ என்று துண்டைப் பிரித்தார். ஒரு சட்டத்தின் முனை. தேக்கு. துளைக்குள் ஒளிந்திருந்த அந்த நாக்கில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே:

‘14-6-78. சின்னவள் பள்ளிக்கூடம் முதல் நாள். அழவில்லை.’

அப்பா எழுத்துதான். ‘லை’யை யானைத் தும்பிக்கை போட்டு எழுதியிருந்தார். அதே வருடம் கடைசியில்தான் அந்தத் தும்பிக்கையை நீக்கி அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அப்பா கடைசிவரை பழைய லை, பழைய னைதான் எழுதினார். பாட நோட்டில் அவர் ஏதாவது எழுதிக்கொடுத்தால் டீச்சர் திட்டுவார்கள் என்று நான் அழித்து எழுதியிருக்கிறேன்.

சின்னவள் நான்தான். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி வாசலில் அப்பா கையை விட்டேன். அவர் தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவர் தலை மறைந்த பிறகு அழ ஆரம்பித்தவள் மத்தியானம் சோறு உண்ணும்வரை நிறுத்தவில்லை. இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் நான் அழவில்லை என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய், அதை ஒரு கதவுக்குள் எழுதி, மூங்கில் ஆணி அடித்து மூடியிருக்கிறார்.

அந்தத் தம்பி தன்னிடம் இருந்த மற்ற கதவுகளையும் பிரித்துப் பார்த்தார். நாலில் இரண்டு அப்பா செய்தவை. ஒன்றில், ‘மரம் ஈரம். 2 நூல் விட்டேன்’ என்று மட்டும் இருந்தது. இன்னொன்றில் 1984-ஆம் வருடத் தேதி போட்டு, ‘பெரியவளைப் பார்க்க வந்தார்கள். காப்பி நன்றாக இருந்தது என்றார்கள்’ என்று எழுதியிருந்தார். அக்கா அதைப் போட்டோவில் பார்த்துவிட்டு போனிலேயே அழுதாள்.

அப்பாவுக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா அந்தத் தேக்குத் துண்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: ‘எழுபத்தஞ்சு ஐப்பசியில என்ன எழுதினாரு?’

1975 ஐப்பசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பதினோராம் நாள் போய்விட்டான். மறுநாள் காலையில் அப்பா உளிப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் குழந்தையைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தைகூட அவர் பேசியதில்லை. அம்மா அதை ஐம்பது வருடமாக மனசில் வைத்திருக்கிறாள். எங்களிடம் சொல்வதும் இப்போதுதான் முதல் முறை. அந்த வாரம் அப்பா வேலை செய்தது சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு வீட்டில், ரெட்டைக் கதவு, வேங்கை மரம். இவ்வளவுதான் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை போகும் தெருவில் அந்த வீடு இருந்ததாம். மூன்று மாதம் முன்னால்தான் அந்த வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம், வயிற்றில் பிள்ளையோடு நின்றேன் என்கிறாள்.

குகையில் இருக்கும் வாசகர்களே, உங்கள் வீட்டில் 1975-ல் செய்த வேங்கை மரத்து இரட்டைக் கதவு இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். நன்றாக இருக்கும் கதவைப் பிரிக்கச் சொல்லவில்லை, அது அப்படியே இருக்கட்டும். இடிக்கப் போகும் வீடாக இருந்தால், விறகுக்குப் போடும் முன் சொல்லுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம், அதற்கான விலையையும் கொடுத்துவிடுகிறோம். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அஸ்தம்பட்டி, ஏற்காட்டில் பழைய வீடு இடிப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான், எந்த வருடத்துக் கதவாக இருந்தாலும் சரி. என் முகவரியும் போன் நம்பரும் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.

கோடாலியால் பிளந்தால் நாக்கு உடைந்துவிடும். மூங்கில் ஆணியை ஒரு இரும்புக் கம்பி வைத்துப் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டுங்கள், வந்துவிடும். எழுத்து இருந்தால் ஈரத்துணி போட வேண்டாம், ஊதிவிட்டால் போதும். ‘லை’ தும்பிக்கையோடு இருந்தால் அது அப்பாதான்.

இப்படிக்கு,
ஓர் ஆசாரியின் சின்ன மகள்,
அம்மாப்பேட்டை, சேலம்.